பயணத்தில் நோய் வந்தால் செலவுக்கு யார் பொறுப்பு?

(வெளிநாடு செல்வோரின் குடும்பங்களுக்காகக் கேளம்பாக்கத்தில் நமது அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)





கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து நம் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வேலைக்கு வளைகுடா போகிறார்கள். பெரியவர்கள் உம்ரா போகிறார்கள். மகளுக்குப் பேறுகாலம் பார்க்கத் தாய்மார்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். புறப்படுமுன் மசாலாத்தூள், ஊறுகாய் வரை எடுத்து வைக்கிறோம். அங்கே படுத்துவிட்டால் மருத்துவமனைக்கு யார் பணம் கட்டுவது என்பதை மட்டும் பேசுவதில்லை. போகும்போதே நோயைப் பற்றிப் பேசலாமா என்று விட்டுவிடுகிறோம்.

இங்கே உடம்புக்கு முடியாமல் போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது. விமானம் ஏறிவிட்டால் அந்த அட்டை உதவாது. வெளிநாட்டில் ஒரு வாரம் தீவிர சிகிச்சையில் இருந்தாலே செலவு பல லட்சத்தைத் தொட்டுவிடும். ஜும்ஆவுக்குப் பின் துண்டு விரித்து வசூலிக்கும் பணம் அதற்கு எட்டாது. நாம் திரட்டும் நிதி, கணவனை இழந்த சகோதரிகளின் மாதச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உரியது. அதை எடுத்துக் கொடுத்தாலும் ஒரு நாள் கட்டணத்துக்குக்கூடக் காணாது. ஆகவே, பணத்துக்கான ஏற்பாடு புறப்படுமுன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில், வேலைக்குப் போகிறவர்கள். சவூதியில் தனியார் நிறுவன ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவது முதலாளியின் கடமை. அமீரகத்தில் துபாய், அபுதாபிக்கு முன்பே இருந்த இந்தக் கட்டாயம், 2025 ஜனவரி 1 முதல் மற்ற எமிரேட்டுகளுக்கும் வந்துவிட்டது. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட் தொழிலாளிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கான காப்பீட்டை முதலாளி எடுக்க வேண்டும் என்பது 2023 ஜூலை முதல் விதி. அந்தச் செலவைச் சம்பளத்தில் பிடித்தால் கேள்வி கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, நம் அரசின் பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் வரை. ஆனால் ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு விசிட் விசாவில் போய் வேலை தேடுகிறவருக்கு இதுவும் இல்லை, முதலாளியின் காப்பீடும் இல்லை. இந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் நமக்குக் கவலை.

அடுத்து, உம்ரா போகிறவர்கள். உம்ரா விசாக் கட்டணத்திலேயே 1 லட்சம் ரியால் வரையிலான காப்பீடு சேர்ந்திருக்கிறது. அது திடீர் நோய்க்கும் விபத்துக்கும் உரியது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான வழக்கமான மருந்துகளை நாள் கணக்கிட்டு, மருத்துவரின் சீட்டோடு கையில் கொண்டு போங்கள். ஹஜ்ஜுக்குச் செல்வோருக்கு மக்காவிலும் மதீனாவிலும் இந்திய ஹஜ் மிஷனின் மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை உண்டு.

மூன்றாவது, பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர். இவர்கள்தான் வெறுங்கையோடு போகிறவர்கள். மகனுக்கும் மருமகனுக்கும் கம்பெனி தரும் காப்பீடு, விசிட் விசாவில் வரும் அம்மாவுக்குச் செல்லாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 30,000 யூரோ காப்பீடு இல்லாமல் விசாவே தருவதில்லை. அமெரிக்கா அப்படிக் கேட்பதில்லை, செலவோ அங்கேதான் மிக அதிகம். விசா கேட்கவில்லை என்பதால் தேவையில்லை என்று ஆகிவிடாது.

பயணக் காப்பீடு எடுக்கும்போது மூன்றைக் கவனியுங்கள். இருக்கிற நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் அதையே காரணம் காட்டிப் பணம் மறுப்பார்கள். பழைய நோய்க்கு என்ன தருவார்கள், முதலில் நாம் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பதைக் கேளுங்கள். மருத்துவமனையில் சேர்ந்தவுடன் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் நம் கையிலிருந்து கட்டாமல் சிகிச்சை நடக்கும்.

இன்சூரன்ஸ் கூடுமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். விசாவோடு சேர்ந்தே வருவதில் நமக்குத் தேர்வு இல்லை. வளைகுடாவில் தகாஃபுல் முறையில் நடக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. கூடாது என்று முடிவெடுப்பவர், அந்தச் செலவுக்கான பணத்தையாவது ஒதுக்கி வைத்துவிட்டுப் புறப்படட்டும். ஏதும் செய்யாமல் போனால் அந்தக் கடன் வாரிசுகள் தலையில்தான் விழும்.

எதுவுமே இல்லாமல் மாட்டிக்கொண்டால்? இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி ஒவ்வொரு தூதரகத்திலும் உண்டு. ஏழ்மையைப் பார்த்து அவசர சிகிச்சைக்கும், ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும், மய்யித்தை ஊருக்கு அனுப்பவும் உதவுகிறார்கள். இங்கிருந்து குடும்பத்தார் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் முறையிடலாம். இது கடைசிக் கதவு. இதை நம்பிப் புறப்படக் கூடாது.

நாம் கேட்பது ஒன்றுதான். பாஸ்போர்ட், விசா, காப்பீட்டுத் தாள், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல் ஒரு தொகுப்பு வீட்டிலும் இருக்கட்டும். நள்ளிரவில் போன் வந்தால் அழுதுகொண்டே தேட வேண்டியிருக்காது. ஆங்கிலத்தில் இருப்பது புரியவில்லையென்றால், டிக்கெட் போடுமுன் தாள்களை நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

பயணம் போகும் நம் மக்கள் அனைவரும் நலமோடு வீடு திரும்ப அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.