பேசும் திரை

பார்வையில்லாத ஒரு பிள்ளை, எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறது. ஆசிரியர் பாடக்குறிப்பைக் கணினியில் கொடுக்கிறார். அதை யார் படித்துச் சொல்வது? தினமும் பக்கத்து பெஞ்சுக்காரனையா கெஞ்ச முடியும்?

வேண்டியதில்லை, கணினியே படிக்கும். திரைவாசிப்பான் என்ற மென்பொருள் இருந்தால் போதும். ஆனால் ஒரு காலத்தில் அதன் விலை, கணினியின் விலையையே மிஞ்சியிருந்தது. பார்க்கிறவனுக்குத் திரை சும்மா கிடைக்கிறது. கேட்கிறவன் மட்டும் ஏன் தனியாகக் காசு கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்விதானே! ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் தானே ஒரு திரைவாசிப்பானை எழுத ஆரம்பித்தார். ஜேம்ஸ் டே என்ற நண்பரும் சேர்ந்துகொண்டார். அவருக்கும் பார்வை கிடையாது. அப்படிப் பிறந்ததுதான் என்விடிஏ. முழுக்க இலவசம். பென்டிரைவில் போட்டு எடுத்துப்போய்ப் பள்ளிக் கணினியில் செருகி ஓட்டலாம். தமிழும் படிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும்தான். பழகிய பிள்ளைகளோ, நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் வைத்துக் கேட்பார்கள்!

சிக்கல் நம் பக்கம்தான் இருக்கிறது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால் நம் கண்ணுக்குத் தமிழ் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் அதை அப்படியே உளறிக்கொட்டும். தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினாலோ அதற்கு அது வெறும் படம்.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த பாடக்குறிப்பை, உள்ளேயும் தமிழாகவே இருக்கும் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுங்கள்.