குடியால் யாருக்கு இலாபம்?
(தோட்டக் கமிட்டிக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



குடியைப் பற்றிப் பேச்சு வந்தால், “குடிக்கிறவனுக்குப் புத்தியில்லை” என்று முடித்துவிடுகிறோம். அந்தக் காசு யாருடைய பெட்டிக்குப் போகிறது என்று கேட்பதில்லை. ரஷ்ய நாட்டு மக்கள் அதைக் கேட்டார்கள்.

ஜார் மன்னர் காலத்தில் வொட்கா விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. அரச வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் காசுதான். குத்தகைக்காரர்கள் விலையை ஏற்றினார்கள், தண்ணீரும் கலந்தார்கள். 1858, 1859ஆம் ஆண்டுகளில் குடியானவர்கள் ஊர் ஊராகக் கூடி, இனி வொட்காவைத் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். அவர்களில் பலர் பண்ணையடிமைகள். சத்தியத்தை மீறியவருக்கு ஊரே தண்டம் போட்டது.

அரசாங்கம் மகிழ்ந்ததா? இல்லை. வருமானம் போகிறதே என்று அந்தக் கூட்டங்களைத் தடுத்தது. ஆத்திரப்பட்ட மக்கள் சாராயக் கடைகளை உடைத்தபோது பட்டாளத்தை அனுப்பியது. ஆனாலும் 1863இல் குத்தகை முறை ஒழிந்தது. அதன் இடத்தில் மதுவரி வந்தது.

1914இல் யுத்தம் தொடங்கியதும் வொட்கா தடை செய்யப்பட்டது. புரட்சிக்குப் பின் வந்த சோவியத் அரசும் 1925இல் அதை மீண்டும் விற்கத் தொடங்கியது. கஜானாவுக்குக் காசு வேண்டியிருந்தது.

1985இல் கொர்பச்சேவ் கடைகளைக் குறைத்தார். பிற்பகல் 2 மணிக்குப் பிறகே விற்கலாம் என்றார். ஏறக்குறைய 62 ஆக இருந்த ஆண்களின் சராசரி ஆயுள் 1987இல் 65ஐ நெருங்கியது. ஆனால் மக்கள் நம் கசிப்பைப் போல வீட்டிலேயே காய்ச்சினார்கள். சீனிக்குத் தட்டுப்பாடு வந்தது. திட்டம் கைவிடப்பட்டது. பிறகு சோவியத் நாடு உடைந்தது. வேலை போனது, சம்பளம் மாதக்கணக்கில் நின்றது, குடி பெருகியது. 1994இல் ஆண்களின் ஆயுள் 58க்கும் கீழே விழுந்தது. பெண்களுக்கு அது 71. எத்தனை குடும்பங்கள் தகப்பன் இல்லாமல் நின்றிருக்கும்!

பின்னர் வரியை உயர்த்தினார்கள். வொட்காவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். இரவு விற்பனையை நிறுத்தினார்கள். 2003 முதல் 2016 வரை குடி 43 வீதம் குறைந்தது. 2018இல் ஆண்களின் ஆயுள் 68ஐ நெருங்கியது.

தோழர்களே, நம் நாட்டிலும் ஒவ்வொரு சாராயப் போத்தலிலும் மதுவரி இருக்கிறது. சம்பள நாளில் அந்தப் போத்தலுக்குப் போவது பிள்ளையின் கொப்பிக்கும் வீட்டு அரிசிக்கும் உரிய காசு. போராடிப் பெறும் சம்பள உயர்வை நாமே திருப்பிக் கொடுக்கலாமா? குடிக்கும் சகோதரனை ஒதுக்காமல், அவனையும் உட்காரவைத்து, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். அடிமைகளாக இருந்தவர்கள் ஒன்றுகூடி முடிவெடுத்தார்கள். சங்கம் உள்ள நம்மால் முடியாதா?