ஊருக்குத் திரும்பி வந்து நட்டு என்ன பண்ணாரு?

நெய்வேலி டவுன்ஷிப்புல இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோடுக்கு ஒரே ஒரு கேள்விதான். ஜெயிச்ச விளையாட்டு வீரர் ஒருத்தர் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தா, அங்க இருக்குற பசங்ககிட்ட என்ன பேசணும்?

ஆண்டு விழாக்கள்ல இதுக்கு ஒரு டெம்ப்ளேட் இருக்கு. சால்வை, நினைவுப் பரிசு, "கஷ்டப்பட்டா ஜெயிக்கலாம்"னு இருபது நிமிஷம், அப்புறம் செல்ஃபி. தப்பு சொல்லல. ஆனா மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு ஓடப் போற பொண்ணுக்கு அதுல எடுத்துக்க என்ன இருக்கு? அவ ஏற்கெனவே கஷ்டப்பட்டுட்டுதான் இருக்கா.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்க. இன்னும் ரிட்டயர் ஆகாத ஆளு. ஆனா ஊருக்குத் திரும்புறதுன்னா என்னன்னு அவர்கிட்ட கத்துக்கலாம். கிட்டத்தட்ட இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பால்தான். யார்க்கர் கையில இருந்துச்சு, உழைப்பும் இருந்துச்சு. இல்லாதது வழி. அந்த வழியைக் காட்டுனவர் அதே ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ். சென்னைக்குப் போ, டிவிஷன் லீக் ஆடுன்னு தள்ளி விட்டவர். நாலாவது டிவிஷன்ல தொடங்கி, 2015ல ரஞ்சி. உடனே பந்துவீச்சு முறை மேல புகார். அதைச் சரி பண்ணித் திரும்பி வந்து, 2017 ஐபிஎல் ஏலத்துல 3 கோடி. 2020 கடைசியில நெட் பவுலரா ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே டூர்ல மூணு ஃபார்மேட்லயும் இந்தியாவுக்கு ஆடிட்டாரு.

2021 ஜனவரியில ஊர் அவரை சாரட் வண்டியில வெச்சு ஊர்வலமா கூட்டிட்டு வந்த வீடியோவை எல்லாரும் பார்த்தோம். எனக்கு அதைவிடப் பெருசாத் தெரியறது வேற. அதுக்கு முன்னாடியே அவரும் ஜெயப்பிரகாஷும் ஊர்ல அகாடமி ஆரம்பிச்சுட்டாங்க. அங்க இருந்து வந்த பெரியசாமிதான் 2019 டிஎன்பிஎல் ஃபைனல்ல 15 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தாரு. 2023 ஜூன்ல நடராஜன் கிரிக்கெட் கிரவுண்டைத் தினேஷ் கார்த்திக் திறந்து வெச்சாரு. அதாவது முதல்ல வழி, அப்புறம் மைதானம்.

நம்ம ஊருக்கு வருவோம். டவுன்ஷிப்புல பாரதி ஸ்டேடியம் இருக்கு, நிழல் இருக்கு, ரோடு இருக்கு. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த சுத்துப்பட்டு கிராமத்துப் பசங்க அறுவடை முடிஞ்ச வயல்ல ஸ்டம்ப் நடுறாங்க. டிரையல்ஸ் எப்போ, ஃபார்ம் எங்க கிடைக்கும், யாரைக் கேக்கணும்னு தெரியலன்னா, சைக்கிள் தூரத்துல ஸ்டேடியம் இருந்தாலும் அது தூரம்தான். வயசு மட்டும் காத்திருக்காது. பதினேழு வயசுப் பையனுக்கு அண்டர்-19ன்னா மிச்சம் இருக்குறது ரெண்டு வருஷம்தான்.

அதனால இங்க இருந்து போய் மாவட்ட அளவுலயோ, யுனிவர்சிட்டியிலயோ, மாநில அளவுலயோ ஆடுன அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை மைக் கையில வந்தா இதைச் சொல்லுங்க. எந்த வயசுல எங்க செலக்‌ஷன்? என்னென்ன சர்டிபிகேட் வேணும்? ஷூவுக்கும் பஸ்ஸுக்கும் எவ்ளோ ஆச்சு, யார் கொடுத்தா? அடிபட்டா யார்கிட்ட போனீங்க? டீம்ல இடம் கிடைக்காத வருஷம் வீட்டுல என்ன சொன்னீங்க? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு எப்படி அப்ளை பண்ணீங்க?

முக்கியமா, பேசி முடிச்சதும் கார்ல ஏறிடாதீங்க. ஒரு அரை மணி நேரம் அங்கேயே நில்லுங்க. கூட்டத்துல கை தூக்காத பையன் அப்பதான் கிட்ட வந்து கேப்பான்.

அப்படிப்பட்ட ஆள் யாரையாவது உங்களுக்குத் தெரியும்னா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.