சம்பளச் சீட்டில் படித்த கணக்கு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலையில் கணக்குப் பாடத்துக்குப் பயந்தவர்களில் நானும் ஒருத்தி. அப்படிப்பட்ட நான் இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றால், பின்வரிசைத் தோழிகள் சிரிப்பார்கள். சிரியுங்கள்.

முதலில் சாதாரண தரப் புத்தகத்தோடுதான் போனேன். மூன்றாம் வாரம் நான்கு பேர்தான் மிச்சம். அன்றைக்கு ஒரு அக்கா சம்பளச் சீட்டை நீட்டி, "டீச்சர், எங்கிட்ட எட்டுப் புடிக்கிறாங்க, பன்னண்ட யாரு போடுறது?" என்று கேட்டார். புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், தொழில்கொள்வோர் 12 வீதம். 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபாப்படி 20 நாள் வேலை என்றால் 27,000. நூற்றில் ஒன்று 270. அதை எட்டால் பெருக்கினால் 2,160. பன்னிரண்டால் பெருக்கினால் 3,240. மாதம் 5,400 ரூபா நம் பெயரில் சேர வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது கூடைக் கழிவை மனதிலேயே கழிக்கிறவர்களுக்கு இது பெரிய கணக்கா? "வீதம்" என்ற சொல்தான் அவர்களைப் பயமுறுத்தியது.

அந்த அக்காவின் நிதிக் கணக்கில் மூன்று மாதம் வெறுமையாக இருந்தது. தொகையைத் தானே எழுதிக்கொண்டு தொழில் திணைக்களத்துக்குப் போனார். நான் கூடப் போகவில்லை; வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கடன் கணக்கில்தான் எல்லோரும் வாயடைத்துப் போனோம். 50,000 ரூபா, வருடத்துக்கு 24 வீதம், 12 தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி 1,000. கடைசி மாதம் நம்மிடம் மிஞ்சியிருக்கும் முதல் ஏறக்குறைய 4,167 ரூபா. அதற்கும் அதே 1,000 ரூபா வட்டி! கணக்கைப் போட்டு முடித்ததும் ஒருவரும் பேசவில்லை.

கணிதத்தில் மட்டும் தவறி, உயர்தரத்துக்குப் போக முடியாமல் நின்ற இரண்டு தங்கைகள் இம்முறை தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக எழுதியிருக்கிறார்கள். பெறுபேறு இன்னும் வரவில்லை. வகுப்பு ஞாயிறு இரண்டு மணிக்கு. ஊருக்கு வரும்போது, வீட்டில் அம்மாவின் பழைய சம்பளச் சீட்டு கிடந்தால் எடுத்து வாருங்கள். எங்களுக்குப் பயிற்சிக் கணக்குப் போதவில்லை.