முற்பணத்துக்கு முன் ஒரு வார்த்தை



ஹேவாஹெட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அந்தத் தேயிலையை வளர்த்த தோட்டக் குடும்பங்களில் பலவற்றுக்கு இன்றும் சொந்தக் காணி இல்லை. ஆகவே நம்மில் ஒருத்தி சம்பளத்தில் மிச்சம்பிடித்துப் பத்துப் பேர்ச் வாங்கப் போவது சிறிய விடயமல்ல.

பெருங்காணியை மொத்தமாகப் பேசி, துண்டுகளாக்கி விற்பவரின் முதல் பணம் மட்டுமல்ல, ஆள் பழக்கமுந்தான். விற்க நினைப்பவர், நில அளவையாளர், நொத்தாரிசு, வங்கி அதிகாரி எல்லோரையும் அவருக்குத் தெரியும். வாங்கப் போகும் நமக்கோ அவரை மட்டுமே தெரியும்.

நம் சங்கத்திலும் சட்டத்தரணிகள், வங்கியாளர்கள், பொறியியலாளர்கள் இருக்கிறோம். முற்பணம் கொடுக்குமுன் ஒருவரையொருவர் கேட்போம். காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தாயிற்றா? காணி ஈட்டில் இருக்கிறதா? பாதை வரைபடத்தில் உண்டா? மண்சரிவு அபாயம்பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்ன சொல்கிறது? 2014இல் மீரியபெத்தையில் லயன்கள் புதைந்ததை நாம் மறக்கலாகாது.

வைத்தியர்களாகிய நாங்கள் நோயாளியை உரிய நிபுணரிடம் அனுப்பத் தயங்குவதில்லை. காணி விடயத்திலும் அந்தப் பழக்கம் வேண்டும்.

நூற்றாண்டு நினைவாக, உறுப்பினர் பெயர்களைத் தொழில்வாரியாகத் தொகுப்போம். வெளிநாட்டிலிருப்போரும் சேரட்டும். குடும்பத்தில் முதன்முதலாக உறுதி எழுதப் போகும் தங்கைக்கு, கேட்டறிய ஓர் அக்கா இருக்கட்டும்.