நிறைகோல் கூறும் தீர்ப்பு

 

அரசு ஒரு திட்டத்தைத் தொடங்குகின்றது. பந்தலிடுகின்றனர், கொடி கட்டுகின்றனர், மாலைகளும் புகழுரைகளும் குவிகின்றன. ஐந்தாண்டு கழித்து, "அத்திட்டத்தால் எத்தனைக் குழந்தைகள் தேறின?" என ஒருவர் வினவினால், எத்தனைக் கோடி செலவாயிற்று என்னும் கணக்கே விடையாக வருகின்றது. செலவு வேறு, பயன் வேறு. எரிந்த விறகைக் காட்டிச் சோறு வெந்தது என்பார் உளரோ?

விறகை எண்ணாது குழந்தையை எடையிட்டுப் பார்த்த திட்டம் ஒன்று தமிழ்நிலத்திலேயே நடந்தது. 1980ஆம் ஆண்டு (தி.பி. 2011) உலக வைப்பகக் கடனுதவியுடன் தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த ஊட்டத் திட்டம் தொடங்கப்பெற்றது. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியம் அதன் முதற்களம். 6 திங்கள் முதல் 36 திங்கள் வரையுள்ள குழந்தைகளைத் திங்கள்தோறும் எடையிட்டனர். எடையிட்டவர் அவ்வூர்ப் பெண் பணியாளர். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் துணையுணவு, தேறியபின் நிறுத்தம், தேறாவிடில் மருத்துவம். வளர்ச்சி அட்டையில் கோடு ஏறுவதையும் தாழ்வதையும் எழுத்தறியாத் தாயும் கண்டறிந்தாள்.

1982 சூலையில் ம.கோ.இரா. அரசின் நண்பகலுணவுத் திட்டமும் சிற்றூர்களுக்கு வந்தது. இரண்டு அகவை கடந்த குழந்தைகளும் அதில் உண்டனர். ஒரே ஊரில் இரு திட்டங்கள் நடக்கையில், குழந்தை தேறியது எதனால்? இதனைப் பிரித்தறிவதே மதிப்பீட்டாளரின் கடும்பணி. திட்டத்திற்கு முன்னிருந்த நிலையைக் குறித்துவைத்தல் வேண்டும். திட்டம் நுழையாத ஊரையும் அளத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத மதிப்பீடு வெறும் விளம்பரமே!

அளந்தபின் கண்டதென்ன? கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்தது. இடைநிலை ஊட்டக்குறைவோ அவ்வாறு குறையவில்லை. வெற்றியோடு இக்குறையும் வெளிப்பட்டது. எனவே 1990இல் தொடங்கி 1997இல் முடிவுற்ற இரண்டாங்கட்டம், கடுங்குறைவைப் போக்குவதோடு நில்லாது, நல்லூட்டமுள்ள குழந்தைகளின் விழுக்காட்டை உயர்த்துவதையும் இலக்காகக் கொண்டது. அளவுகோல் கொள்கையைத் திருத்தியது. புகழுரை எக்கொள்கையையும் திருத்தியதில்லை.

இங்கே ஒரு வினா எழுகின்றது. எடையிடப்பெற்றது தமிழ்க் குழந்தை, எடையிட்டவள் தமிழ்ப்பெண், கோட்டைப் படித்தவள் தமிழ்த்தாய். ஆயின் இத்தகைய திட்டங்களின் மதிப்பீட்டு அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பெறுவது ஏன்? தாய்க்கு விளங்காத கணக்கை அரசு எவருக்கு ஒப்படைக்கின்றது? கடன் கொடுத்தவனுக்கு அறிக்கை, பசித்தவனுக்குப் புகழுரையா?

குமுகாயத் திட்டம் ஒவ்வொன்றும் தொடங்குமுன் அளக்கப்பெறல் வேண்டும். நடக்கையிலும் முடிந்தபின்னும் அளக்கப்பெறல் வேண்டும். நிறையும் குறையும் நல்ல தமிழில் எழுதப்பெற்று ஊரவைதோறும் படிக்கப்பெறல் வேண்டும். அன்றுதான் ஆட்சிக்கு வழிகாட்டும் உரிமை மக்கள் கைக்கு வரும். கொட்டாம்பட்டித் தாய் கையிலிருந்த அட்டை அவ்வுரிமையின் முதற்படி. அடுத்த படியைக் கேட்டுப் பெறுதல் தமிழர் கடன்.

வெல்க தமிழ்!