மார்க்கும் மாப்பிள்ளையும்

(கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கூடிய ஒரு கிராமக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நம்மைப் பேச அழைத்தவர்கள், "எங்கள் பிள்ளைகள் இவ்வருஷந்தான் காலேஜுக்குப் போயிருக்கிறார்கள். மார்க்கு வருகிறது, லீவு வருகிறது. நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள். சாமி சங்கதி மாத்திரம் இன்று வேண்டாம்" என்று கேட்டுக் கொண்டார்கள். நல்லது, நமக்கு அதில் ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் மார்க்கு விஷயத்தில் சாமியையும் சோசியனையும் கொண்டுவந்து நுழைக்கிறவர்கள் நீங்களாகவே இருக்கிறபடியால், அவர்களைத் தொடாமல் பேச நம்மால் முடியாது. மன்னிக்க வேண்டும்.

தோழர்களே! சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது 1857ஆம் வருஷத்தில். அன்று முதல் நம் பாட்டன்மாரும் இந்த நாட்டில்தான் இருந்தார்கள். ஏர் உழுதார்கள், வரி கட்டினார்கள். காலேஜ் வாசலை மாத்திரம் அவர்கள் மிதிக்கவில்லை. புத்தி இல்லாமலா? இல்லை. வாசல் அவர்களுக்குத் திறக்கவில்லை. காலேஜ் இடங்களில் வகுப்புவாரி உரிமை செல்லாது என்று 1950இல் சென்னை உயர்நீதிமன்றமும், 1951இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டபோது, மக்கள் கிளர்ச்சி செய்ததன் மேல்தான் அந்த 1951ஆம் வருஷத்திலேயே அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர்களுக்குப் படிப்புச் சம்பளச் சலுகை 2010இல் வந்தது. சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இன்ஜினீயரிங் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடம் என்ற சட்டம் 2021இல் வந்தது.

இவ்வளவும் சேர்ந்து உங்கள் பிள்ளையை வாசலுக்குள் கொண்டுபோய் விட்டிருக்கின்றன. உள்ளே போன பிள்ளையை முதல் ஆறு மாதத்திற்குள் வெளியே இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் யார் என்று பார்த்தால், பல வீடுகளில் அது பெற்றவர்களாகவே இருக்கிறார்கள். இதைச் சொல்லத்தான் இங்கு வந்தோம்.

நமக்குத் தெரிந்த ஒரு விவசாயத் தோழர் இருக்கிறார். அவர் மகள் தமிழில் படித்து, அந்த ஏழரையில் இடம் பெற்று, சென்னையில் இன்ஜினீயரிங் சேர்ந்தாள். முதல் பரீட்சை முடிவு வந்தது. மற்றப் பாடங்களிலெல்லாம் தேறி, கணக்கில் மாத்திரம் தேறவில்லை. அதற்கு அடுத்த வாரம் சேர்ந்தாற்போல் நான்கு நாள் லீவு. தகப்பனார் டெலிபோனில், "அரியர் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு ஊருக்கு வருவாய்?" என்று கேட்டுவிட்டார். பெண், "பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டது. இடம் கிடைக்காதது பஸ்ஸிலா, வீட்டிலா என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

தாயார் சோசியனிடம் போனார். அவன் ஏழரைச் சனி என்று சொல்லி, பரிகாரத்திற்கு ஒரு தொகையும் சொன்னான். சனி கணக்குப் பாடத்தில் மாத்திரம் வந்து உட்கார்ந்துகொண்டு, மற்றப் பாடங்களிலெல்லாம் ஏன் எழுந்து போய்விட்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாய்மாமன், "படித்தது போதும், மாப்பிள்ளை பாருங்கள்" என்றார்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி என்னவென்றால், அந்தப் பெண்ணின் அண்ணனும் படித்தவன்தான். அவனுக்கு மூன்று பாடம் அரியர் இருந்தது. அப்போது இதே மாமன், "ஆம்பிளைப் பிள்ளை, அடுத்த தடவை எழுதிவிடுவான்" என்று சொல்லி, பரீட்சைப் பணமும் கட்டினார். ஆண்பிள்ளை தோற்றால் மறுபரீட்சை. பெண்பிள்ளை தோற்றால் மாப்பிள்ளை! இது எந்த ஊர் நியாயம்?

1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். அறுபது வருஷம் கழித்து, 1989இல், இந்த ராஜ்யத்தில் அது சட்டமாயிற்று. சொத்தில் சமபங்கு வந்துவிட்டது தோழர்களே, தோற்பதில் சமபங்கு இன்னும் வரவில்லை! ஒரு தடவை தவறி, எழுந்து, மறுபடி நடக்கும் உரிமை இல்லாதவர்களுக்கு, ஜெயிக்கும் உரிமை இருக்கிறது என்று சொல்வது வெறும் பேச்சேயாகும்.

நிற்க, அந்தத் தோழர் நம்மிடம் வந்தார். "கணக்கில் எந்தப் பகுதி புரியவில்லை என்று கேட்டீர்களா?" என்றோம். கேட்கவில்லை. "அவளுக்குச் சொல்லிக் கொடுக்க அங்கு யாராவது உண்டா?" என்றோம். தெரியவில்லை. "பரிகாரத்திற்கு எடுத்து வைத்த பணத்தில் பஸ் ஏறிப் போய்ப் பெண்ணைப் பாருங்கள்" என்றோம். கோயம்பேட்டில் இறங்குவதாக அவர் மகளுக்குச் சொல்ல, அவள், "அப்பா, தெற்கேயிருந்து வரும் பஸ்களுக்கு 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புது நிலையம் திறந்துவிட்டார்கள். நீங்கள் அங்கேயே இறங்குங்கள், நான் வந்து நிற்கிறேன்" என்றாளாம். விடியற்காலையில் வந்து நின்று, தகப்பனைக் கைபிடித்து அழைத்துப் போயிருக்கிறாள். "இந்தப் பெண்ணுக்கா தனியாக ஊருக்கு வரத் தெரியாது என்று நினைத்தேன்?" என்று அவர் நம்மிடம் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிற்று.

கணக்குச் சங்கதியும் அங்குதான் வெளியாயிற்று. பள்ளியில் 'அணி' என்று அவள் நன்றாகப் படித்த கணக்கு, காலேஜில் 'மேட்ரிக்ஸ்' என்ற பெயரில் வந்திருக்கிறது. இரண்டும் ஒன்று என்று தெரிவதற்குள் பாடம் எங்கேயோ போய்விட்டது. எழுந்து கேட்க வெட்கம். வீட்டில் சொல்லப் பயம். இவ்வளவுதான் ஏழரைச் சனி! மேல்வகுப்புப் பெண் ஒருத்தி மாலை நேரத்தில் சொல்லிக் கொடுத்தாள். மறுபடி எழுதியதில் 'சி' என்ற மதிப்பு வந்தது. பெரிய மதிப்பு ஒன்றுமில்லை; ஆனால் தேறிவிட்டாள், இன்றும் படித்துக் கொண்டிருக்கிறாள்.

இந்த மதிப்பு என்பதையும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் வருஷத்து ஒழுங்குமுறையில், 'ஓ' என்றால் 10 புள்ளி, 'ஏ பிளஸ்' 9, 'ஏ' 8, இப்படியே இறங்கி 'சி' என்றால் 5. எழுத்துப் பாடத்தில் 100க்கு 40 மார்க்கு காலேஜுக்குள்ளேயே நடக்கும் சோதனைகளுக்கு. 60 மார்க்குத்தான் கடைசிப் பரீட்சைக்கு. அப்படியானால், முதல் சோதனை நடந்த உடனேயே பிள்ளைக்கு எங்கே வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். அப்பொழுது "எத்தனை வாங்கினாய்?" என்று கேட்பவர் கணக்குப்பிள்ளை, "எது புரியவில்லை?" என்று கேட்பவரே பெற்றவர். பள்ளியில் 600க்கு 550 வாங்கிய பிள்ளை இங்கே 6 புள்ளி வாங்கினால், கெட்டுப் போய்விட்டது என்று அர்த்தமல்ல. பாஷை புதிது, ஊர் புதிது, பக்கத்தில் இருப்பவன் தகப்பன் இன்ஜினீயர்.

ஹயக்கிரீவர் முன்னால் பேனாவை வைத்துப் பூசை செய்கிறீர்கள். பூசை செய்த பேனா கணக்குப் போடுமானால், பேனாவை மாத்திரம் பரீட்சைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்துக் கொள்ளலாமே!

இனிப் பிரயாணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். தீபாவளியை நாம் ஏற்காவிட்டாலும் லீவை ஏற்க ஆட்சேபணை இல்லை. பொங்கலோ உழைப்பவன் பண்டிகை. ரயிலில் முன்பதிவு 120 நாளைக்கு முன் என்றிருந்ததை 2024 நவம்பர் முதல் 60 நாள் ஆக்கினார்கள். ஆகையால் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதை விட்டு, பிள்ளையோடு சேர்ந்து நாள்காட்டியைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை 4.30 முதல் 6 மணிவரை ராகுகாலம் என்று பிள்ளையைப் பிடித்து வைக்கிறீர்கள். பிள்ளைகள் ஊர் திரும்புகிற நேரமே அதுதான். ராகுவுக்குப் பயந்து பகல் வெளிச்சத்தை விட்டு, இருட்டில் அனுப்பி, திங்கட்கிழமை முதல் வகுப்பையும் போக்கடிக்கிறீர்கள்.

பெண்ணைத் தனியாக அனுப்பப் பயமாயிருக்கிறது என்கிறீர்கள். பயப்படுவதைக் குற்றம் சொல்லவில்லை. பஸ் நம்பரைத் தெரிந்துகொள்ளுங்கள்; 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவளுக்குச் சொல்லுங்கள்; ஏறினதும் இறங்கினதும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். அதற்கு மேல் பூட்டிவைப்பது காவல் அல்ல. 18 வயதானால் நாட்டை ஆளுகிறவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு உண்டு. எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தேர்ந்தெடுக்க மாத்திரம் யோக்கியதை இல்லையா?

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றைக்கே மார்க்குப் பேச்சை எடுக்காதீர்கள். சாப்பிடட்டும், தூங்கட்டும். சொந்தக்காரர் முன் நிறுத்தி மார்க்குச் சொல்லச் சொல்லாதீர்கள். பையன் வந்தால் பாயும், பெண் வந்தால் விளக்குமாறும் கொடுக்காதீர்கள்.

தோழர்களே! மார்க்கு வந்த அன்று வீட்டுக்குப் பயந்து தகாத முடிவுக்குப் போய்விட்ட பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அந்தப் பயத்தைப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தது காலேஜ் மாத்திரம்தானா என்று ஒவ்வொருவரும் தங்களைக் கேட்டுக் கொள்ளுங்கள். தோற்ற பிள்ளை முதலில் ஓடிவருகிற இடம் தன் வீடாக இருக்க வேண்டும்.

ஆகவே, இன்று இங்கிருந்து போனதும் உங்கள் மகனுக்கோ மகளுக்கோ டெலிபோன் செய்து, "மார்க்கு எப்படியிருந்தாலும் லீவுக்கு வா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லும்படியும், அந்த வார்த்தையை மகனுக்குச் சொல்வதுபோலவே மகளுக்கும் சொல்லும்படியும் கேட்டுக் கொள்ளுகிறோம்.